ஆறு மணிக்குக் கூவுற பறவை

...பசுமைச் சுற்றுலாவாம், பசுமை! இவங்க பசுமையெல்லாம் பெயிண்ட் டப்பாவுலதான் சார் இருக்கு. நீங்க டீயக் குடிங்க, ஆறிடப்போவுது. எதிர்ல தெரியுதே நாலு மாடி லாட்ஜு, போன வருஷம் வரைக்கும் சிமெண்ட் கலரு. இப்பப் பச்சை அடிச்சு, வாசல்ல மூங்கில் குப்பைத்தொட்டி வெச்சு, பேரு என்ன தெரியுமா? வனக்குடில்! குடிலுக்கு லிஃப்ட் இருக்கு சார்! நம்மளுது ஆறே ரூமு, ஓட்டுக்கூரை. நாம பெருமை பீத்திக்கிறோமா?

போன மாசம் கூட்டம் வேற போட்டாங்க. நம்ம மலையில சுற்றுலாவுக்கு எவ்வளவு வாய்ப்பு இருக்குன்னு கோட்டு போட்ட ஒருத்தர் ரெண்டு மணி நேரம் பேசினாரு. ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் தண்ணி. முடிஞ்சதும் பாட்டில் பூரா பள்ளத்துல. ஊருக்குத்தான் உபதேசம்!

வர்ற ஜனம் மட்டும் என்ன ஒழுங்கா? அமைதியத் தேடி வந்தேம்பான், கார்க் கதவத் தொறந்து வெச்சுப் பாட்ட அலற விடுவான். குரங்குக்கு சிப்ஸ் குடுப்பான், அது பையப் புடுங்கினா என்கிட்ட சண்டைக்கு வருவான். குரங்கு என்னமோ என் மச்சான் மாதிரி!

நீங்க அப்படியில்ல. மூணு நாளா பைனாகுலரும் கையுமா அந்த மரத்தடியிலயே தவம் கெடக்கறீங்க. நோட்டுல வேற எழுதுறீங்க... என்னது? குரல் கேக்குது, பறவையக் காணோமா? டாண்ணு ஆறு மணிக்கா? ஒரு நிமிஷம்கூடப் பிசகலையா?

அது வந்து... பிஸ்கட் எடுத்துக்குங்க சார்.

சரி, சொல்லிடறேன். நெஜமாவே இருந்துச்சு, அந்த மரத்துலதான், ஜோடியா. அதுக்குன்னே ஆளுங்க வருவாங்க. ஆனா அது என்ன நான் வெச்ச அலாரமா? ஒருநாள் கூவும், ஒருநாள் கூவாது. கூவாத அன்னைக்கு வந்தவங்க மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. எதிர் லாட்ஜ்காரன் சிரிப்பான். அதான்... அதோட குரலையே போன்ல புடிச்சு, மரத்துல சின்னதா ஒரு ஸ்பீக்கரக் கட்டி... இலைக்குள்ள தெரியக்கூடாதுன்னு பச்சை பெயிண்ட்டும் அடிச்சேன்.

ஒரு வாரம் அந்த ஸ்பீக்கரச் சுத்திச் சுத்திப் பறந்துச்சு சார். சண்டைக்கு நின்னுச்சு. தொண்டை கிழியக் கத்துச்சு. அப்புறம் ரெண்டையுமே காணோம். ரெண்டு வருஷமாச்சு. "சொந்த வீட்டுக்குள்ள இன்னொருத்தன் அதட்டிக்கிட்டே இருந்தா எவன்தான் குடியிருப்பான்?"னு கேட்டா என் சம்சாரம். அன்னையிலேருந்து அந்த மரத்த நிமிந்து பாக்கவே வெக்கமா இருக்கு. கழட்டிடலாம்னுதான் தெனமும் நெனக்கிறேன். கழட்டிட்டா உங்கள மாதிரி நாலு பேர் வர்றதும் நின்னுடுமே...

சார்? எங்க எழுந்துட்டீங்க? டீ அப்படியே இருக்கு! பையோடயா? நோட்டுல எதுக்கு சார் கோடு போட்டு அடிக்கறீங்க? அடிக்காதீங்க சார்... இங்க இருந்துச்சுன்னாவது எழுதிட்டுப் போங்க!