தெரியாததற்கு ஒரு வரி

இரண்டு கிலோ தர்பூசணி வாங்குகிறவர்கூட நாலு தடவை தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார். வீடு வாங்குகிறவர் ஒரு தடவையும் தட்டுவதில்லை. சுவரின் நிறத்தைப் பார்க்கிறார், சமையல் மேடையைத் தடவிப் பார்க்கிறார், சாவியை வாங்கிக்கொள்கிறார். அவருக்காகத் தட்டிப் பார்ப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக என் தொழில்.

நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை, ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். அந்தப் பால்கனி விழுந்த விஷயம்தான். மாடியில் குடியிருந்த தையல்காரம்மா அதோடு விழுந்து இறந்துபோனார். அவருடைய மகளுக்குப் பத்து வயது. அந்த நேரம் உள்ளே கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாளாம். நீங்கள் விபத்து என்று எழுதி மூடிவிட்டீர்கள். அந்தப் பிள்ளைக்கு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் வந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடுவதற்காகப் பழைய வீடு வாங்குகிறவர்கள் என்னிடம் வருவார்கள். உடனே என்ன பழுது பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும், வீடு மொத்தமாகப் போனால் திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுப்பேன். கடைசியாகச் சொன்ன தொகைக்குத்தான் காப்பீடு எடுப்பார்கள். என் மதிப்பீட்டுத் தாளில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: 'தெரியாததற்கு.' சுவருக்குள், தரைக்குக் கீழே, கண்ணில் படாமல் என்ன இருக்கிறதோ அதற்காக நூற்றுக்குப் பத்து ஒதுக்கி வைப்பேன். தொழில் தெரிந்த எல்லோரும் வைப்பார்கள்.

என் மனைவியின் தம்பி ஆறு வீடு வாங்கியிருந்தான். ஆறுக்கும் மதிப்பீடு நான்தான். சொந்தம் என்பதால் கூலி கிடையாது, கேலி மட்டும் உண்டு. எனக்குக் 'கூட்டல்' என்று பேர் வைத்ததும் அவன்தான். தாளை நீட்டியதும் மேலே எதையும் படிக்க மாட்டான். பேனாவை எடுத்து நேராகக் கடைசி வரிக்குப் போய் ஒரு கோடு போடுவான். "தெரியாததுக்கு எதுக்கு மாமா காசு? தெரிஞ்சப்புறம் பாத்துக்கலாம்" என்பான். நாலாவது வீட்டில் அப்படித்தான் தரைக்கடியில் குழாய் உடைந்து, அவன் அடித்த தொகையைவிட அதிகமாகச் செலவானது. நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை அவன் சொல்லவில்லை. கெட்ட நேரம் என்றான்.

ஒருநாள் அவன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "மாமாகிட்ட ஒரு டீ போடச் சொல்லிப் பாருங்க. அடுப்பு இடிஞ்சு விழுந்தா என்ன பண்றதுன்னு அதுக்கும் சேத்து எழுதிக் குடுப்பாரு" என்றான். என் மனைவி கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஏழாவது வீடு. கீழே கடை, மேலே இரண்டு அறை, தெருவைப் பார்த்த பால்கனி. வாங்குவதற்கு முன்னால் பார்க்கப் போனேன். கூரை பரவாயில்லை, கழிவறையில் ஓதம், ஜன்னல் இரண்டு மாற்ற வேண்டும். பால்கனித் தரையை, கதவுப்படியை ஒட்டிய இடத்தில், திருப்புளியின் கைப்பிடியால் தட்டினேன். சத்தம் சரியில்லை. அந்தமாதிரிப் பால்கனியைத் தாங்குகிற கம்பிகள் அங்கேதான், மேல்பக்கமாக, சுவருக்குள் போகும். உள்ளங்கை அளவு பெயர்த்துப் பார்த்தேன். விரல் கனம் இருக்க வேண்டிய கம்பி தீக்குச்சி கனத்துக்குத் தேய்ந்திருந்தது. தொட்டதும் துரு பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது. பெயர்த்த இடத்தை நானே சிமெண்ட் குழைத்துப் பூசி மூடினேன். திறந்து போட்டுவிட்டுப் போவது என் பழக்கமில்லை.

அந்தப் பால்கனியை இடித்து எடுத்துப் புதிதாகப் போட நாற்பத்தோராயிரத்து அறுநூற்று ஐம்பது ஆகும். அதை 'உடனே' என்ற தலைப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கூட்டல் மறுபடியும் ஊதிப் பெருக்கிவிட்டார் என்பான், அக்காவைக் கூப்பிட்டுக் காட்டுவான். அதனால் தொகையைக் கடைசி வரியில் வைத்தேன். தெரியாததற்கு: 41,650. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு பால்கனியை ஒரு வரியில் மறைக்கலாம். அவன் வழக்கம்போலப் பேனாவை எடுத்தான், கோடு போட்டான். என் கையால் எழுதினேன், அவன் கையால் அடித்தான். இதில் என் தவறு எங்கே வருகிறது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

காப்பீட்டுப் படிவத்தையும் நானே நிரப்பினேன். கட்டடத்தில் உரிமையாளருக்குத் தெரிந்த குறைகள் உண்டா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று எழுதினேன். உரிமையாளருக்கு எதுவும் தெரியாது, ஆகவே அது உண்மையான பதில். அவன் கையெழுத்துப் போட்டான்.

யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு விரிசல் விட வேண்டும், ஒரு மூலை தொங்க வேண்டும், அவன் அலறிக்கொண்டு என் வீட்டுக்கு ஓடி வர வேண்டும். அப்போது அந்தத் தாளை எடுத்து அக்காவும் தம்பியும் பார்க்க மேஜைமேல் வைக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். எட்டு வாரம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

வெள்ளையடித்து முடித்ததும் தையல்காரம்மா குடிவந்தார். இரண்டு தையல் மெஷின், மகள், துணி மூட்டைகள். கழிவறை ஓதத்தைப் பார்க்கிற சாக்கில் நான் வாராவாரம் போனேன். அவர் கழிவறைச் சாவியைத் தேடுகிற நேரத்தில் பால்கனிக் கதவுப்படியில் குனிந்து, அங்கே ஓடிய விரிசல் எவ்வளவு அகலம் என்று என் விசிட்டிங் கார்டைச் சொருகிப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் ஒரு கார்டு நுழைந்தது. ஐந்தாவது வாரம் இரண்டு கார்டு. "இதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல கூப்பிட்டாலும் யாரும் வர மாட்டாங்க சார். நீங்க வாராவாரம் வந்து பாக்கறது ஒரு தைரியமா இருக்கு" என்றார் அந்த அம்மா. எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பால்கனியில் கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார். அதை மட்டும் உள்ளே கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். மழை பெய்தால் நனையும் என்று காரணம் சொன்னேன்.

ஆறாவது வாரம் இரண்டு கார்டு. ஏழாவது வாரமும் அதே இரண்டு கார்டு. மழை நின்றுவிட்டது. எட்டாவது வாரத்தில் மூன்றாவது கார்டு நுழையவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் என் கணக்கு தப்பியதில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பால்கனி இன்னும் பத்து வருடம் அப்படியே நின்றுவிட்டால் அவன் போட்ட கோடுதான் சரி என்று ஆகிவிடும்.

ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அது விழுந்தது. அந்த அம்மா தண்ணீர் எடுக்க வெளியே வந்தார். கீழே கடை திறந்திருக்கவில்லை.

காப்பீட்டு நிறுவனம் ஒருவரை அனுப்பியது. இளைஞர், நல்ல காலணி, சுத்தியல்கூடக் கொண்டு வரவில்லை. அவர் அறிக்கை உங்கள் கோப்பில் இருக்கிறது. மேலே பூச்சு ஒழுங்காக இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை, மதிப்பீட்டாளர் கவனிக்கத் தவறிவிட்டார், ஆனாலும் அவரைக் குறைசொல்ல முடியாது, உரிமையாளருக்கு முழு இழப்பீடு கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறார். என்னைக் காப்பாற்றியதாக நினைத்திருப்பார். மதிப்பீட்டுத் தாள் அவர் மேஜையில்தான் கிடந்தது. உத்தேசமாக ஒதுக்குகிற தொகை நூற்றுக்குப் பத்தாக இருக்கும், முழு எண்ணாக இருக்கும். அறுநூற்று ஐம்பது வரைக்கும் ஒருவன் எழுதியிருந்தால் அவன் எதையோ அளந்து பார்த்திருக்கிறான் என்று அர்த்தம். அதுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இழப்பீடு வந்த அன்று மைத்துனன் வீட்டுக்கு வந்தான். என் தோளில் கை வைத்தான். "விடுங்க மாமா, ஆனைக்கும் அடி சறுக்கும். நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்றான். "பாவம், ரெண்டு மாசமா இவர் முகமே சரியில்ல" என்றாள் என் மனைவி. இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மறுநாள் காலையில் இங்கே கிளம்பி வந்தேன்.

நீங்கள் ரொம்ப நேரமாக ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். எட்டு வாரம் நின்ற பால்கனி ஒன்பதாவது வாரம் ஏன் விழுந்தது? அதற்கும் பதில் சொல்கிறேன். எட்டாவது வாரம் நான் கிளம்பும்போது அந்த அம்மா படி வரைக்கும் வந்தார். "சார், தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது. உள்ள மெஷின் போட்டதுல நிக்கக்கூட எடமில்ல. ஒரு டிரம் வாங்கி பால்கனியில வச்சுக்கவா? உங்களக் கேக்காம வைக்கக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார். இருநூறு லிட்டர் டிரம். இருநூறு கிலோ. தண்ணீரில் அது ஒரு வசதி, லிட்டருக்கு ஒரு கிலோ, தனியாகக் கணக்குப் போட வேண்டாம்.

நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கொஞ்ச நேரம் யோசித்தேன். "தாராளமா வைங்க" என்றேன். "கதவுப் பக்கம் வேண்டாம், வழி அடைக்கும். அந்தக் கடைசியில, கைப்பிடிச் சுவரை ஒட்டி வைங்க." பாரம் சுவரைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு இழுக்கும். அவர் தலையாட்டிவிட்டு நன்றி சொன்னார். டிரம் திங்கட்கிழமை வந்தது, செவ்வாய்க்கிழமை நிறைந்தது.

இது எல்லாம் அந்தப் பிள்ளைக்காகத்தான். அவள் பெயர் என்ன என்று கேட்கிறீர்கள். அந்த அம்மா இரண்டு தடவை சொன்னார், மனதில் நிற்கவில்லை. அதை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கையின் ஆறாம் பக்கத்தில் 'கவனிக்கத் தவறிவிட்டார்' என்று இருக்கிறதே, அதை மட்டும் இன்றைக்கே மாற்றிவிட முடியுமா?