பட்டினி போட்ட வெங்காயம்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“ஒங்க அண்ணன் வெங்காயத்தப் பட்டினி போட்டுட்டாரு,” என்றாள் மூத்தவள்.

“என்ன அண்ணி சொல்றீங்க?”

“அறுவடைக்கு முன்னாடி தண்ணிய நிறுத்துனா காய் கெட்டியாவும், கெடாம இருக்கும்னாரு. எல்லாரும் செய்றதுதான். இவரு ரொம்ப முன்னாடியே நிறுத்திட்டாரு. தாளு வாடுது, பாய்ச்சுங்கன்னு கெஞ்சுனேன். பொறுன்னுட்டாரு. பறிச்சுப் பாத்தா எல்லாம் சுண்டைக்கா அளவுதான்.”

“அய்யோ. அண்ணன் என்ன சொல்றாரு?”

“தெனம் காலையில மோட்டாரப் போட்டு வெறும் வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறாரு.”

“நீங்க தடுக்கலையா?”

“எப்புடித் தடுக்குறது? நானும் கூடப் போயி மடை மாத்தி விடுறேன்.”