அஸ்னாவுக்குக் காது கேட்கும்

மோட்டார் சைக்கிளுக்கு வருடாவருடம் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தை நான் ஒரு தடவைகூடப் பிந்தி எடுத்ததில்லை. சாரதி அனுமதிப்பத்திரமும் அப்படித்தான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், விதிகளை மதிக்காத ஆள் என்று என்னைப் பற்றி நீங்கள் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

என் பெயர் றிபாஸ். கல்முனையில் ஒரு பல் வைத்தியருக்கும் ஒரு அபாயாக் கடைக்கும் நடுவில் காது பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைக் கொடுப்பதே உங்கள் பேரவைதான். முன்பு ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பக்கப் படிவம், சின்னக் கட்டணம், அவ்வளவுதான். பிறகு மாற்றினீர்கள். இனி மூன்று வருடத்துக்கு ஒரு முறை, மூன்று வருடக் கட்டணமும் ஒரேயடியாக, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி, அவரவர் பிறந்த மாதத்தில். நான் பிறந்தது பெப்ரவரியில். உங்கள் அறிவித்தல் வந்தது மார்ச்சில். உரிமம் முடியப்போகிறது என்று எனக்குத் தெரியவந்தபோது அது முடிந்து போயிருந்தது.

எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு விதி ஒருவனுக்கு இவ்வளவு அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்துவது தற்செயலாக நடக்குமா? கல்முனையில் இன்னொரு நிலையம் திறக்க யாரோ அலைகிறார்கள் என்று அப்போது ஒரு கதையும் இருந்தது.

விதுசாவிடம் சொன்னேன். பாண்டிருப்புப் பிள்ளை, என்னோடு படித்தவள். வாரத்தில் இரண்டு நாள் என் பின்னறையில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறாள். அவளுடைய உரிமம் ஒழுங்காக இருந்தது.

"உன்ட பேர்த்டேய உன்ட வீட்டாக்களே மறந்திருவாங்க. கவுன்சில் ஞாபகம் வெச்சிருக்கு. சந்தோசமாப் பிந்தின கட்டணத்தக் கட்டன்டா."

"கட்டினா நான் பிழை செஞ்ச மாதிரி ஆகிரும்."

"கட்டாட்டி?"

"கட்டாட்டி அவங்க பிழை செஞ்ச மாதிரி."

இதில் இன்றைக்கும் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. விதி திரும்ப மாறும், காத்திருக்கலாம் என்று முடிவு செய்தேன்.

நிலையத்தை மூடவில்லை. ஒரேயொரு சிக்கல் இருந்தது. காது மந்தம் என்று கண்டுபிடித்தால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் கடிதத்தில் என் பதிவு எண்ணைப் போட வேண்டும். அங்கே அதைக் கணினியில் தட்டிப் பார்ப்பார்கள். காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதினால் யாரும் எதையும் தட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அந்த மாதங்களில், சாய்ந்தமருதிலிருந்து நற்பிட்டிமுனை வரைக்கும், என்னிடம் வந்த ஒரு பிள்ளைக்கும் காது மந்தம் இருக்கவில்லை. பொதுச் சுகாதாரக் கண்ணோட்டத்தில் இது ஒரு சாதனை.

வயதானவர்களிடம் இது சரிவராது. தங்களுக்குக் கேட்காது என்று அவர்களுக்கே தெரியும். முகைதீன்பாவா என்ற முதியவரிடம் மிசின் பழுது என்றேன். அவருக்கு அது கேட்கவில்லை; மூன்று தரம் கத்த வேண்டியிருந்தது. பிள்ளைகளின் தாய்மாரிடம் மிசின் பழுது என்றால் நாளைக்கு வருவார்கள். நாளைக்கும் பழுது என்றால் வேறிடம் போவார்கள். போன இடத்தில் என் பெயரைச் சொல்வார்கள்.

அஸ்னாவை அவளுடைய உம்மா நிஸ்மியா கூட்டி வந்தது அப்படியான ஒரு நாளில். பிள்ளைக்கு நாலு வயது. நல்ல சுறுசுறுப்பு, கண் நிறையக் குறும்பு.

"சேர், தன்ட பேரையே 'அன்னா' எண்டுதான் சொல்றா. சீனிய 'ஈனி' எண்டுறா. கூப்பிட்டா சில நேரம் திரும்புறா, சில நேரம் இல்ல. இவட வாப்பா கட்டார்ல. போன்ல கதைச்சா இவ போனப் பாத்துச் சிரிக்கிற மட்டும்தான்."

சின்னப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் முறை எளிது. ஹெட்போனை மாட்டி, கையில் புளியங்கொட்டை கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒன்றைக் கோப்பைக்குள் போடச் சொல்வோம். பரிசோதிப்பவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. காரணம், சரியாகக் கேட்காத பிள்ளைகள் முகத்தையும் தோளையும் வாசிப்பதில் வலு கெட்டிக்காரர்கள். பொத்தானை அழுத்தும்போது நம்மை அறியாமல் தோள் கொஞ்சம் உயரும். அவர்களுக்கு அது போதும்.

நான் அவளுக்கு நேர் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் சில சத்தங்களுக்கு அவள் அசையவில்லை. தோளை உயர்த்தினேன். கொட்டையைப் போட்டாள். அதற்குப் பிறகு ஒன்றையும் தவறவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். இவ்வளவு ஒத்துழைத்த பிள்ளையை நான் கண்டதில்லை.

"காது கேக்கும். ஒரு பிரச்சினையும் இல்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் நிஸ்மியா. பிறகு கதவடியில் நின்று, "அப்ப ஏன் சேர்?" என்றாள்.

தாய்மார் சந்தேகப் பிராணிகள். அடுத்த கிழமையே திரும்பி வந்தாள்.

"பின்னால நிண்டு சட்டியத் தட்டினன். திரும்பல்ல சேர்."

"உங்கட வீட்டுச் சட்டி அவக்குப் பழகிப்போயிருக்கும்."

"அப்ப வேணுமெண்டா செய்றா? புடிவாதமா?"

இந்த இடத்தில் நான் யோசித்தேன். அவசரப்பட்டுச் சொன்னேன் என்று எழுத வேண்டாம். ஒரு பிள்ளைக்கு மொழி வந்து அமர்கிற வருடங்கள் இவைதான் என்றும், போனால் அவை திரும்பி வராது என்றும் எனக்குத் தெரியும். பட்டப்படிப்பில் அதற்கு நல்ல புள்ளிகள் எடுத்திருக்கிறேன்.

"ஓம், புடிவாதம்தான். கொஞ்சம் கண்டிப்பா இருங்க" என்றேன்.

கண்டிப்பாகத்தான் இருந்தாள். சொல் கேட்காத பிள்ளை என்று பாலர் பாடசாலையில் அஸ்னாவைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் நிஸ்மியா வந்து என் முன்னால் இருந்து அழுதாள்.

"சீனி எண்டு சொல்லு, சொல்லு எண்டு வாய் எரிய எரியக் கொச்சிக்காயத் தேச்சுப்போட்டன் சேர். புள்ள என்ட வாயையே பாத்துப் பாத்து அழுதா. அப்பவும் 'ஈனி' எண்டுதான் வந்திச்சு. இப்பிடியும் ஒரு புடிவாதம் இரிக்குமா?"

"இரிக்கும்" என்றேன். கண்ணைத் துடைக்கக் கடதாசி கொடுத்தேன். தண்ணீரும் கொடுத்தேன். பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொன்னது என் பிழை. அனுதாபத்தில் வாய் தவறிவிட்டது.

பிள்ளைக்குக் கேட்காததை விதுசா முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கடதாசியால் வாயை மறைத்துக்கொண்டு ஸ், ஷ் என்று சொல்லிப் பார்த்தாளாம். பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"நீ எங்க இரிந்து டெஸ்ட் பண்ணின?"

"கதிரையில."

"பகிடி விடாத றிபாஸ். அந்தப் புள்ளைக்கு ஸ், ஷ் மாதிரி மேல் சத்தம் ஒண்டும் காதுக்குள்ள போகல்ல. வாயில கொச்சிக்காய் தேச்சிரிக்காங்க, தெரியுமா? நாளைக்கே லைசன்ஸக் கட்டு. காசில்லாட்டி நான் தாறன். கட்டிப்போட்டுத் திருப்பி டெஸ்ட் எடு. கதிரையத் திருப்பிப் போட்டு எடு."

ஒருத்தி சும்மா காசு தருவாளா? அதையும் சந்தேகித்தேன். ஆனாலும் என் காசைக் கட்டினேன். பிந்தியவர்களுக்கென்று நீங்கள் வைக்கும் பயிற்சி வகுப்புக்குக் கொழும்பு போய் வந்தேன். உரிமம் வந்தது, மூன்று வருடத்துக்கு. கெட்டியான அட்டை, நல்ல அச்சு. கட்டணத்தைக் கூட்டியதன் பலன் அட்டையில் தெரிந்தது.

இப்போது என் எண்ணை யாரும் எங்கும் தட்டிப் பார்க்கலாம். பயப்பட ஒன்றும் இல்லை. பழைய தாள் ஒன்றுதான் கோப்பில் கிடந்தது: காது கேட்கும் என்று, என் கையெழுத்தோடு. நிஸ்மியாவை அழைத்தேன். விதுசா வெளியே வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தாள். அவள் சொன்னபடியே கதிரையைத் திருப்பிப் போட்டு, அஸ்னாவை எனக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். அவளுக்கு எதிரே அலுமாரி. அதன் கண்ணாடிக் கதவை அன்று காலையில் நான் ஈரத்துணியால் துடைத்திருந்தேன்.

கெட்டிக்காரப் பிள்ளை. என்னைக் கண்ணாடியில் தேடிக் கண்டுபிடிக்க அவளுக்குக் கனநேரம் எடுக்கவில்லை. கண்டதும் சிரித்தாள்.

விதுசாவிடம் தாளைக் காட்டினேன். கதிரை திரும்பியிருந்ததை அவளும் எட்டிப் பார்த்தாள். தாளை இன்னொரு தரம் மேலிருந்து கீழே வாசித்தாள். "அப்ப எனக்குத்தான் பிழைச்சிட்டு போல" என்றாள். நிஸ்மியா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் சந்தேகம் கேட்டு வரவில்லை. அடுத்த வருடம் வாப்பா கட்டாரிலிருந்து வந்து பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டுபோனார். இவ்வளவு காலமும் என்ன செய்தீர்கள் என்று அங்கே காதைப் பரிசோதித்தவர்கள் தாயைத்தான் ஏசினார்களாம்.

உங்கள் குற்றப்பத்திரிகையை வாசித்தேன். மார்ச் முதல் உரிமம் வரும்வரை அனுமதியின்றித் தொழில் செய்தேன் என்று இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன், தண்டப்பணம் கட்டுகிறேன். இரண்டாவது பரிசோதனையை மட்டும் தயவுசெய்து இதில் சேர்க்க வேண்டாம். அன்றைக்கு என் உரிமம் செல்லுபடியாக இருந்தது.