கமலாம்பாள் வீட்டு விளக்கு

விளக்கு வைக்கிற நேரம். போலகத்திலிருந்து பட்டினம் வருகிற சாலை. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் சவுக்குத் தோப்பு. நடுவில் பூவாயி மட்டும், தலையில் விறகுக்கட்டோடு...

கதை நடுவில் யார் அங்கே காலை நீட்டுவது? மடக்கிக்கொள்ளுங்கள். இந்தப் பூவாயி நம் சோமசேகரனின் சின்னம்மா. அவளுக்கு நடந்தது இது.

சாலைக் கோடியில் சர்க்கார் வீடுகள். புயலில் குடிசை போனவர்களுக்காகக் கட்டி, சொற்ப வாடகைக்கு விட்டது. குறை சொல்லக்கூடாது. மழைக்கு ஒழுகாது. முன்பு குடிசை போட்டிருந்த தோப்பின் சொந்தக்காரர் குடித்துவிட்டு வந்து காலி பண்ணு என்று கத்த முடியாது. ஆனால் ஓர் ஆணி அடிக்க முடியாது, ஆடு கட்ட முடியாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அடுத்த வீட்டில் கமலாம்பாள் வெற்றிலை இடித்தால் பூவாயி வீட்டுப் பாத்திரம் அதிரும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வீடு இருண்டு கிடந்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் வீடுகளை மேற்பார்க்கும் ஓவர்சியர் சைக்கிளில் வருவார். ஆளில்லாத வீடு என்று பட்டால் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. அவ்வளவுதான். அதனால் ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். திருவாரூரில் மகளுக்குப் பிரசவம் என்று கமலாம்பாளும் கொடுத்தாள். இங்கே அவள் தனிக்கட்டை.

"சாயங்காலம் மறக்காம வெளக்க ஏத்திடு பூவாயி. இந்த வீட்ட வுட்டா எனக்குப் போக்கிடம் இல்லடி."

"நிம்மதியாப் போயிட்டு வாங்கக்கா."

சொன்னாள். ஏற்றவில்லை. அவள் தம்பி பிள்ளைகுட்டியோடு இன்னும் ஓலைச்சாய்ப்பில் கிடந்தான். இந்த வீடு இருண்டால் அவனுக்குக் கேட்கலாம். பாவம்தான்... ஆனாலும் தம்பி ஆயிற்றே.

அன்று விறகோடு வளைவில் திரும்பியவள் நின்றுவிட்டாள். கமலாம்பாள் வீட்டு ஜன்னலில் வெளிச்சம். பதற்றத்தில் தன் வீட்டு ஜன்னலை அவள் பார்க்கவே இல்லை. அதை நினைவில் வையுங்கள்.

இடுப்பைத் தடவினாள். சாவி இருந்தது. ஓடிப்போய்த் திறந்தாள். உள்ளே கும்மிருட்டு. விளக்கில் சொட்டு எண்ணெய் இல்லை. கண்ணாடி ஜில்லென்றிருந்தது. ஆனால் வாசனை... அப்போதுதான் இடித்த வெற்றிலை.

மறுநாள் சேதி வந்தது. கமலாம்பாள் காய்ச்சலில் போய்விட்டாளாம், போன வாரமே. பூவாயி அழுதாள். உண்மையாகவே அழுதாள். பிறகு தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் தன் வீட்டில் விளக்கை ஏற்றி, மகளை அதனருகே உட்காரவைத்து, தம்பிக்காகப் பேச ஓவர்சியரைத் தேடிச் சாலைக்குப் போனாள். புருஷன் தோணியோடு கடலில். ஓவர்சியர் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

"ஒன் வீடு எது?"

"கமலாம்பாக்கா வீட்டுக்கு அடுத்ததுங்க."

"அதுல ஆளு இருக்கா? ஒரு வாரமா இருட்டால்ல கெடக்கு! இப்பக்கூடப் பாரு. பக்கத்து வீட்டுல தெனம் வெளக்கு எரியிது."

பூவாயி திரும்பிப் பார்த்தாள். இப்போதுதான் ஏற்றி வைத்த வீடு... கன்னங்கரேலென்று. பக்கத்து ஜன்னலில் வெளிச்சம்.

ஓடினாள். தன் வீட்டில் விளக்கு இல்லை. பிள்ளை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம்... டொக்... டொக்... டொக்...

கமலாம்பாள் வீட்டுக் கதவில் பூட்டு பூட்டியபடி தொங்கியது. சாவியைப் போட்டுத் திறந்தாள். சத்தம் நின்றது. வெளிச்சம் போனது. இருட்டில் மகள் தனியாக உட்கார்ந்திருந்தாள். வாயெல்லாம் வெற்றிலைச் சிவப்பு.

"பெரியம்மா இடிச்சுக் குடுத்தாங்கம்மா. இனிமே நமக்குத்தான் போக்கிடம் இல்லியாமே?"