ஒரு மீற்றருக்குக் குறைந்தவை

ஐயா, விசாரிக்க வந்த நீங்கள் கதிரையிலேயே இருங்கள்; நான் நின்றபடி சொல்கிறேன். நாள் முழுக்கக் கணினிக்கு முன் இருந்து என் இடுப்பு போய்விட்டது.

என் வேலை எளியது. மயிலிட்டிப் பக்கம் போர்க்காலத்தில் இராணுவம் எடுத்து, இப்போது மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய காணிகளின் வரைபடம் ஒன்று. மிதிவெடி இருக்கலாம் என்று குறித்த நிலத்தின் வரைபடம் இன்னொன்று. இரண்டும் எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று கணினிக்குக் கேள்வி எழுதுவேன். எங்கும் விழாவிட்டால் காணியை விடலாம். விழுந்தால், வெடி அகற்றுகிறவர்கள் அந்த இடத்தைத் திரும்பவும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஆனால் அவற்றை வரைந்தவர்கள் வேறு வேறு ஆட்கள். கோடுகள் ஒருநாளும் பொருந்தா. எல்லை நெடுக இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் துண்டுகள் நூல் நூலாக வரும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் நாலு முளைக்கும். அநேகமாக எல்லாம் கோடு பிசகியதால் வந்த வெறும் துண்டுகள். மேலதிகாரி கத்துவார். வெடி அகற்றுகிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு விசர் பிடித்துவிட்டது. யாருக்கும் பிடிக்கும்.

ஜெசிதா அக்கா கிழமைக்கு ஒருக்கா வருவார். அகதி முகாமிலேயே கலியாணம் கட்டி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்.

“தம்பி, எங்கடை காணியை எப்பதான் விடுவியள்?”

ஒருநாள் கேள்வியில் ஒரு வரி சேர்த்தேன். ஒரு மீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள துண்டுகளைக் காட்டாதே. அவ்வளவுதான். வரைபடம் துப்புரவாகிவிட்டது. மேலதிகாரி முதல்முறையாகத் தோளில் தட்டினார். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஐயாவும் இந்த ஊர்தானே. எங்கள் ஆட்கள் காணி கிடைத்தால் முதலில் வீடு கட்டமாட்டார்கள், வேலி அடைப்பார்கள். எல்லை நெடுக அலவாங்கால் குழி தோண்டிக் கதியால் தடிகளை நடுவார்கள். நான் மறைத்த துண்டுகளும் எல்லையில்தான் கிடந்தன. அது எனக்கு அப்போதே தெரியும்.

வெடித்ததில், கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவின் கணவர் கொலின்ஸுக்குக் கண் போய்விட்டது. அலவாங்கு போட்டது ஜெசிதா அக்கா. அக்காவைப் பெட்டியை மூடித்தான் அடக்கம் செய்தார்கள்.

அந்த வரியை இன்னும் எடுக்கவில்லை. எடுத்தால் பழையபடி எல்லாம் குழம்பிவிடும்.

இதற்கெல்லாம் முன், காணி கையளித்த அன்று அக்கா என் மேசைக்கு வந்திருந்தார்.

“தம்பி, வேலியடியிலை அலவாங்கு போடலாமோ? பயமில்லையோ?”

நான் திரும்பி வரைபடத்தைப் பார்த்தேன். எல்லையில் ஒன்றும் இருக்கவில்லை.

“ஓம் அக்கா, பயப்பிடாமல் போடுங்கோ.”

பார்த்துத்தான் சொன்னேன், ஐயா. நான் பொய் சொல்கிற ஆள் இல்லை.