ஆர்விடுக்கு வலிக்கக் கற்றுக்கொடுத்தது

எலுமிச்சைக் கேக் நன்றாக வந்திருக்கிறது, அம்மணி. மேலே தூவிய சர்க்கரைதான் ஒரு கை கூடிவிட்டது. பரவாயில்லை, இன்னொரு துண்டு எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பதிவுக் கருவி மேஜைமேலேயே இருக்கட்டும், கைக்குட்டையால் மூட வேண்டாம். வேலையில் இருந்த காலம் முழுக்க நானும் அப்படி ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கேக் கொண்டுபோகத்தான் எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் கம்பெனி மாதிரியே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி. யாராவது விழுந்து அடிபட்டு இழப்பீடு கேட்டால், கேட்டதைக் குறைப்பது என் வேலை. மினசோட்டாவின் இந்த வடக்கு மூலையில் அதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை. கதவைத் தட்டி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால் போதும். இரண்டு காலிலும் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறவர் "மோசமில்ல" என்பார். அதைப் பதிவு செய்துகொண்டு, காபி குடித்துவிட்டு வந்துவிடுவேன். பாதிக் கேஸ் அங்கேயே செத்துவிடும். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வது எங்கள் ஆட்களுக்கு அடுத்த வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பதைப் போல அநாகரிகமான காரியம். மர ஆலையில் ஒரு விரலைப் பறிகொடுத்தவர் என்னிடம் "மிச்சம் ஒன்பது இருக்கே" என்றார். அறிக்கையில் நானும் மிச்சத்தைத்தான் எழுதினேன்.

அதனால்தான் ஆர்விட் டோலெஃப்சன் தேவாலயத்தின் பின்படியில் வழுக்கி விழுந்தபோது அவன் மனைவி மார்லிஸ் நேராக என்னிடம் வந்தாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். "வெர்ன், நீங்க அந்தப் பக்கத்துல இருந்தவரு. அவரு எங்கெங்க தப்புப் பண்ணுவாருன்னு உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்துல இருந்து பாத்துக்கோங்க" என்றாள். அவளாகத்தான் கேட்டாள். இதை உங்கள் அறிக்கையில் தவறாமல் எழுதுங்கள்.

ஆர்விடும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்து நண்பர்கள். தேவாலயத்தில் ஒரே பெஞ்சு. பிப்ரவரியில் ஏரி முழுக்க உறைந்ததும் ஊர் மீன் போட்டி நடக்கும். ஐஸில் துளை போட்டுத் தூண்டிலை இறக்கி, பெரிய வால்ஐ மீனைப் பிடிப்பவர் ஜெயித்தவர். பரிசு ஒரு மர மீன்தான். ஆனால் ஜெயித்தவர் படத்தைத் தூண்டில் கடைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவார்கள். அந்தச் சுவரில் ஆர்விட் இளைஞனாக நிற்பான், வழுக்கை விழுந்து நிற்பான், மூக்குக்கண்ணாடியோடு நிற்பான். சில படங்களின் ஓரத்தில் என் முழங்கையும் தெரியும். நான் எப்போதும் இரண்டாவது.

அவன் பெருமையடித்திருந்தால் மன்னித்திருப்பேன். அவன் அடிக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் என் மீனைக் கையில் வாங்கிப் பார்த்து, "உன்னோடதும் மோசமில்ல, வெர்ன்" என்பான். மனசாரச் சொல்வான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிற்றில் புண் வந்தது. டாக்டர் கேட்டபோது மோசமில்லை என்றேன்.

விழுந்தது ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. இருமினால் இருமல் கீழே விழுந்து உடையும் குளிர். கடைசிப் பாட்டுத் தொடங்கியதும் ஆர்விட் பின்வாசல் வழியாக நழுவி ஏரிக்குப் போய்விடுவான். ஊருக்கே தெரிந்த விஷயம். போதகரம்மாவும் கண்டுகொள்ள மாட்டார். அன்றைக்கும் நழுவினான், சத்தம் கேட்டது, பாட்டைப் பாதியில் விட்டு எல்லாரும் ஓடினோம். படியடியில் மல்லாந்து கிடந்தான். ஆம்புலன்ஸ் ஆட்கள் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "மோசமில்ல. கொஞ்சம் குளிருது" என்றான். இடுப்பெலும்பில் விரிசல். அதோடு நிற்காமல், "போதகரம்மா, உங்க கைப்பிடிய வளைச்சுட்டேன், மன்னிச்சுடுங்க" என்று தொடங்கினான். மன்னிப்புக் கேட்பதைப் போல ஒரு கேஸைக் கெடுப்பது எதுவும் கிடையாது. மூக்கைத் துடைத்துவிடுகிற மாதிரி என் கையுறையால் அவன் வாயைப் பொத்தினேன்.

ஐஸ் உருக உப்புத் தூவ வந்த ஆளையும் நிறுத்திவைத்தேன். விழுந்த இடத்தை உடனே படம் எடுக்க வேண்டும், யாரும் கலைப்பதற்கு முன்னால். அது அரிச்சுவடி. குனிந்து, பக்கவாட்டிலிருந்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்தேன். நீங்கள் பையில் வைத்திருப்பது அந்தப் படம்தான். அவசரமில்லை, அதற்கும் வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவன் வீட்டுச் சமையலறையில் ஒத்திகை வைத்தோம்.

"நான்தான் டாக்டர். எப்படிடா இருக்கு?"

"மோச..."

"ஆர்விட்."

"கொஞ்சம் பரவாயில்ல."

"கொஞ்சமும் கிடையாது, பரவாயில்லையும் கிடையாது. வலிக்குதுன்னு சொல்லு."

"வலிக்கிறது உள்ளதுதான். அதுக்காக அவர்கிட்ட போய் அதச் சொல்லணுமா? பாவம், அவருக்கு எத்தன வேலையோ."

மார்லிஸ் அடுப்புப் பக்கமிருந்து திரும்பினாள். "பிரசவ வலியில நான் கத்தினப்ப, பக்கத்து ரூம்ல தூங்குறாங்கன்னு சொன்ன மனுஷன் இவரு. இவருக்குப் போய்க் கத்துக்கொடுக்குறீங்களே."

கற்றுக்கொடுத்தேன். மெதுவாக வந்தது. முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். ஈஸ்டர் வருவதற்குள் பிரமாதமாக முனகினான். பக்கத்து ஊரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து, அவன் முனகுவதைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளை ஐஸ்கிரீம் கடைக்குக் கூட்டிப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்பவும் வேண்டாம்.

மற்ற தப்புகளையும் ஒவ்வொன்றாக அடைத்தேன். பேத்தியின் பிறந்தநாளில் படம் எடுத்தபோது சிரிக்கக் கூடாது என்றேன்; சிரிக்கிற படம் இணையத்தில் ஏறினால் உங்களைப் போன்றவர்கள் பார்ப்பீர்கள். கடிதப்பெட்டி வரைக்கும் நடக்கக் கூடாது என்றேன். எதிரே நிற்கும் வண்டியில் கேமரா இருக்கலாம். தினமும் நடந்தால் இலையுதிர் காலத்துக்குள் பழையபடி ஆகிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்வதைத் தட்டுவதும் கேஸைக் கெடுக்கும். அதனால் வீட்டுக்குள்ளேயே, திரைச்சீலையை இழுத்துவிட்டு நடக்கச் சொன்னேன். சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே எவ்வளவு நடக்க முடியுமோ அவ்வளவு நடந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துவது என் சுபாவம் இல்லை.

கோடையில், தேவாலயத்துக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்திருக்கிற உங்கள் கம்பெனி ஒரு தொகை சொன்னது. நியாயமான தொகை, குறை சொல்ல மாட்டேன். ஆர்விட் பேனாவைக் கையில் எடுத்துவிட்டான்.

"போதும் வெர்ன். கையெழுத்துப் போட்டுட்டு நடக்க ஆரம்பிக்கிறேன். பிப்ரவரிக்கு ஏரிக்குப் போயிடலாம்."

"முதல்ல சொல்ற தொகைக்கு எவனாவது தலையாட்டுவானா? முப்பது வருஷம் அந்தத் தொகையச் சொன்னவன் நான்டா."

"எனக்கு மீன்தான்டா வேணும்."

"மீன் எங்கயும் ஓடிப்போகாது" என்று சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டேன்.

கோர்ட்டுக்குப் போனால் இங்கே காலம் இழுக்கும். இழுத்தது. ஐஸில் காலை வைத்தால் கேஸ் முடிந்தது என்று சொல்லியிருந்ததால், அடுத்த பிப்ரவரியில் போட்டி நாளன்று அவன் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பைனாகுலர் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷமும் நான்தான் ஜெயித்தேன். அவன் விழுந்த வருஷமும் நான்தான். மீன் சுமாரானதுதான். தூண்டில் கடைக்காரர் என் படத்தை மாட்ட ஆணி தேடியபோது, "ஆர்விட் இல்லாம என்னவோ மாதிரி இருக்கு" என்றார். வருத்தமாகத்தான் இருந்தது. படத்தை இன்னும் கொஞ்சம் மேலே மாட்டச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் மர மீனை எடுத்துக்கொண்டு ஆர்விடைப் பார்க்கப் போனேன். கம்பளியை விலக்கினான், இடது கால் பைன் மரக் கிளை மாதிரி வற்றியிருந்தது. மர மீனை அவன் மடியில் வைத்தேன். தடவிப் பார்த்தான். வழக்கம்போல ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"வலிக்குது, வெர்ன்" என்றான்.

நான் கேட்கவே இல்லை. ஒத்திகையும் இல்லை. பாடம் அவ்வளவு நன்றாக ஏறியிருந்தது. ஒரு வாத்தியாருக்கு அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? மார்லிஸ் வாசல்வரை வந்தாள். "ராத்திரியெல்லாம் மாத்திரை போட்டுத் தூங்குறாரு. ஏரியப் பத்திப் பேசுறதே இல்ல. கேஸ விட்டுடலாமா?" என்றாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவது பெரிய தப்பு என்றேன்.

சரி, இப்போது அந்தப் படத்தை எடுங்கள்.

நீங்கள் கெட்டிக்காரர் என்பது காலையிலேயே தெரிந்தது. இரண்டு வாரமாகக் கூரையிலிருந்து ஒரு சொட்டுக்கூட உருகாத குளிரில் படியில் மட்டும் ஐஸ் எப்படி வந்தது என்று கேட்டீர்கள் பாருங்கள், இத்தனை மாதமாக வக்கீல்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. ஐஸ் ஏன் லேசாகப் பழுப்பாக இருக்கிறது என்றும் கேட்டீர்கள். எங்கள் தேவாலயக் காபியைக் குடித்திருந்தால் கேட்டிருக்க மாட்டீர்கள். அவ்வளவு நீர்த்த காபி அது. ஊற்றும்போது தண்ணீர் மாதிரிதான் இருந்தது. நல்ல காபியாக இருந்திருந்தால் நான் இதற்கு இறங்கியிருக்கவே மாட்டேன், நிறம் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் தண்ணீருக்குக் குழாயைத் திறக்கலாம் என்றால், அந்தக் குழாய் கத்துகிற கத்தலில் பிரசங்கம் நின்றுவிடும்.

பிரசங்கம் பொறுமையைப் பற்றி. நான் பாதியில் எழுந்து கீழே சமையலறைக்குப் போனேன். காபிக் கெட்டிலை எடுத்தேன், பின்படியில் ஊற்றினேன். ஆவி அடங்குவதற்குள் கண்ணாடி மாதிரி உறைந்துவிட்டது. கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்து ஆர்விட் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பாட்டுப் புத்தகத்தை எனக்காகப் பிரித்துவைத்திருந்தான். கணுக்கால் சுளுக்கி அவனுக்கு ஒரே ஒரு போட்டி போகும் என்றுதான் நினைத்தேன். இடுப்பு அவனாகச் செய்துகொண்டது. எதிலும் முழுமையாக இறங்குகிற ஆள் அவன்.

பிறகு நான் செய்ததெல்லாம் உதவிதான். வேறு யார் உட்கார்ந்து அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

கேக்கோடு வருகிற இன்ஷூரன்ஸ் ஆளிடம் வாயைத் திறக்காதே என்பதுதான் ஆர்விடுக்கு நான் சொன்ன முதல் பாடம். எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இவ்வளவு சுத்தமாக நடத்திய கேஸை இதுவரை யாரிடமும் சொல்ல முடியவில்லை. தொழில் தெரிந்தவர் ஒருவராவது கேட்டு, மோசமில்லை என்று சொல்ல வேண்டாமா?

என்ன சொன்னீர்கள்? நேற்றே இந்தப் படத்தை அவனிடம் காட்டினீர்களா? என்ன சொன்னான்?

ரொம்ப நேரம் பார்த்தானா. காபி என்றானா. பிறகு?

"வெர்னோட படம் மோசமில்ல" என்றானா.

முனகவில்லையா? வலிக்கிறது என்று ஒருதடவைகூடச் சொல்லவில்லையா? அத்தனை மாத உழைப்பு.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், ஜன்னலை மறைக்கிறீர்கள். ஏரியில் அது யார்? பச்சைக் கோட்டு மார்லிஸுடையதுதான். மீன்பிடி சாமான் ஏற்றும் சறுக்கு வண்டியை ஐஸ்மேல் இழுத்துக்கொண்டு வருகிறாள். அதில் கம்பளிக்குள் குந்தியிருப்பது... இல்லை, அவனாக இருக்க முடியாது. நான் அவ்வளவு சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போட்டிக்கு இடம் பார்க்கிறார்களா? இறங்குகிறான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கிறான். துளை போடும் இயந்திரத்தைக் கேட்டு வாங்குகிறான். பட்டப்பகலில், ஊரே பார்க்க, பல்லைக் காட்டிச் சிரிக்கிறான். தூண்டில் கடைக்காரர் படம் வேறு எடுக்கிறார்.

அம்மணி, உங்களுக்குக் காலில் தெம்பு இருக்கிறது. சீக்கிரம் ஓடிப்போய் அவனை உள்ளே வரச் சொல்லுங்கள். கேஸ் கெட்டுவிடும்.