சிம்பாங் பெட்டி கத்தாத வாரம்

இரவு பன்னிரண்டே கால். போர்ட் கிள்ளானிலிருந்து காப்பாருக்குப் போகிற பின்சாலை. ஒரு பக்கம் செம்பனை... மறுபக்கம் அடுக்கி வைத்த காலிக் கன்டெய்னர்கள். நடுவில் அந்த சிம்பாங், மூன்று சாலை சேருகிற இடம். வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது முகத்துக்கு நேரே வந்தால்தான் தெரியும்.

நான் இப்படி ஆரம்பித்ததும் இளம் ஓட்டுநர் ஹைதர் சிரித்தான். "அக்கா, இப்போ நாங்க அந்த ரோட்டுலதான லா போகணும்?"

"அதுக்குத்தான் சொல்றேன். பேசாம கேளு."

அன்று துறைமுகத்தின் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. கேட் திறக்கவில்லை. மழை வேறு. ஓட்டுநர்கள் தேநீர்க் கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். இரவில் லோரிகளை அனுப்பி வைப்பது என் வேலை. அதனால் எல்லாரும் என்னைத்தான் முறைத்தார்கள், கேட் சாவி என் முந்தானையில் முடிந்திருப்பது போல. பேச்சு எங்கெங்கோ சுற்றிப் பெட்டியில் வந்து நின்றது.

"ஒரு வாரமா யார் லோரியிலயும் சிம்பாங் பெட்டி கத்தலயாம். நிம்மதியா இருக்கு," என்றார் தம்புசாமி அண்ணன், எங்களில் மூத்த ஓட்டுநர்.

அந்த நிம்மதி எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் வாயைத் திறந்தேன்.

லோரிக்குள் ஒரு பெட்டி. சாலை விளக்குத் தூணில் ஒரு பெட்டி. மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு டேக், சீட்டுக்கு அடியில். அந்த டேக் நொடிக்குப் பத்து முறை, 'நான் இங்கே இருக்கிறேன், இந்த வேகத்தில் வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். தூணில் இருக்கும் பெட்டி அதைக் கேட்டு, வளைவுக்கு இந்தப் பக்கம் வரும் லோரிக்குச் சொல்லும். லோரிப் பெட்டி கத்தும். காப்பாரில் இருநூறு பேருக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் அதற்குத் தாயத்து என்று பெயர் வைத்தார்கள்.

காப்பார் சாலையில் அந்தப் பெட்டிகளை மாட்டியவர் ராதாகிருஷ்ணன். எங்கள் ஆபீஸ் குகனுடைய மச்சான். குகனின் தங்கை மலரைக் கட்டியவர். மலருக்குப் போர்ட் கிள்ளான் கிடங்கில் இரண்டாம் ஷிப்ட். பன்னிரண்டு மணிக்கு முடியும். மோட்டாரில்தான் வீட்டுக்குப் போவாள்.

சிம்பாங் பெட்டியை அவர் ஒரு வெள்ளிக்கிழமை மாட்டினார். மாட்டியதும் சோதனையில் போடுவார்கள். சோதனையில் இருக்கும் பெட்டி கேட்கும்... பேசாது. சரியாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, லேப்டாப்பில் ஒரு பட்டனைத் தட்டினால் பேச ஆரம்பிக்கும். அன்று மழை. லேப்டாப்பில் சார்ஜ் இல்லை. திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார்.

சனிக்கிழமை இரவு மலர் அந்த வழியாக வந்தாள். வேறு எந்தக் கம்பெனியுடையதோ ஒரு லோரி, அதுவும் பெட்டி மாட்டியதுதான், இடப்பக்கம் திரும்பியது.

பெட்டி அவளைக் கேட்டிருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு முறை. கடைசி முறையில் வேகம் பூஜ்யம். ஒரு லோரிக்கும் அது சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்தப் பதிவைத் திறந்து பார்த்தது ராதாகிருஷ்ணன் மட்டும்தான். பார்த்த கையோடு பெட்டியைப் பேச வைக்கிற பட்டனையும் தட்டிவிட்டார். பிறகு குகனிடம் சொன்னார். அழாமல் சொன்னாராம். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி அவர் முழுவதுமே மரத்துப் போயிருந்தார். சாவு வீட்டில் ஒருத்தி, அவர் காதில் விழும்படியே சொன்னாள், "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி." அதற்கும் அவர் முகம் மாறவில்லை. எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் இரவு பன்னிரண்டே காலுக்கு... சிம்பாங்கில் நம் லோரிப் பெட்டி கத்த ஆரம்பித்தது.

"ஆமா," என்றார் தம்புசாமி அண்ணன். "டிக்... டிக்... டிக்னு. பிரேக் போட்டுப் பார்த்தா ஒரு ஈ காக்கா இல்ல. தெனமும் அப்படித்தான். ஒரு மாசம் பார்த்தேன், அப்புறம் வயரைப் புடுங்கிட்டேன்."

அதுதான் பிரச்சினை. பொய்யாய்க் கத்துகிற பெட்டியை யார் நம்புவார்கள்? தம்புசாமி அண்ணன் பிடுங்கினார், இன்னும் நாலு பேர் பிடுங்கினார்கள். அப்போது உண்மையாகவே ஒரு மோட்டார் வந்தால்? இன்னொரு மலர் போவாள். ராதாகிருஷ்ணனுக்கு அது நன்றாகத் தெரியும். பதிவைப் பார்த்தார். கத்த வைத்தது மலருடைய டேக் நம்பர். அந்த டேக்கை நொறுங்கிய மோட்டாரிலிருந்து அவரே எடுத்திருந்தார். இரண்டு துண்டாக, சாமி அறையில், அவள் படத்துக்கு முன்னால் ஒரு சம்புடத்தில் கிடந்தது. பேட்டரி கூட இல்லை.

மேலே இருப்பவர்கள் ஒரே வார்த்தை சொன்னார்கள். அந்த நம்பரை அழி.

ஆபீசில் உட்கார்ந்தே அழித்திருக்கலாம். அவர் லேப்டாப்போடு சிம்பாங்குக்குப் போனார். தூணுக்குக் கீழே மோட்டாரை நிறுத்தினார். தவளைச் சத்தம். செம்பனை ஆலையிலிருந்து புளித்த எண்ணெய் நாற்றம். பன்னிரண்டே காலுக்குத் திரையில் ஒரு புள்ளி வந்தது. துறைமுகத்தின் பக்கமிருந்து. நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகம்... நாற்பது... அவள் எப்போதும் அந்த வளைவில் குறைப்பதுபோலக் குறைத்தது. சாலையில் ஒன்றுமில்லை. ஆனால் தவளைகள் நின்றுவிட்டன. இருபது மீட்டர். ஐந்து. இரண்டு. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்ததாம்... கிடங்கு வாசம். அதோடு அவள் நெற்றியில் தடவுகிற தைலம்.

புள்ளி அவர் பக்கத்தில் நின்றது.

அவர் அழித்தார். புள்ளி போய்விட்டது. லேப்டாப்பை மூடினார். ஹெல்மெட்டை மாட்டினார். பதினோரு வருடமாக வீட்டை விட்டுக் கிளம்பும்போதெல்லாம் சொன்ன பழக்கம்... "வரேன் மலர்," என்று சொல்லிவிட்டார்.

கடையில் யாரும் தேநீர்க் கோப்பையைத் தூக்கவில்லை. தம்புசாமி அண்ணன் மெதுவாகக் கேட்டார். "அந்த எடத்துலயா? வரேன்னா சொன்னான்?"

"ஆமாண்ணே."

சாவு வீட்டிலிருந்து 'வரேன்' என்று சொல்லிக் கிளம்பக் கூடாது என்று நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை. பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவோம். ஹைதர் வீட்டு வழக்கம் வேறு. அவனுக்கும் அன்றைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை அவர் பதிவைத் திறந்தார். மலருடைய நம்பர் இல்லை. அவருடைய நம்பர் இருந்தது. அவர் மோட்டாரிலும் ஒரு தாயத்து உண்டே. சிம்பாங்கிலிருந்து அவர் வீடு வரைக்கும் வழியில் ஆறு தூண். ஆறு பெட்டியும் அவர் நம்பரைக் கேட்டிருந்தன. ஆனால் இரண்டு முறை. ஒரே நம்பர், ஒரே நேரம், இரண்டு புள்ளி. ஒன்றுக்குப் பின்னால் ஒன்று... ஒரு முழம் தள்ளி.

"டேக்கை மாத்தியிருக்கலாமே, அக்கா?" என்றான் ஹைதர்.

மாற்றினார். புது டேக், புது நம்பர். முதல் இரவே அதுவும் இரண்டானது. இரண்டு புள்ளி வந்தால் லோரிப் பெட்டி நிறுத்தாமல் கத்தும். மறுபடியும் வயர் பிடுங்க ஆரம்பித்தார்கள். மேலே இருப்பவர்கள், இது நிற்காவிட்டால் எல்லாப் பெட்டியையும் கழற்றுங்கள் என்றார்கள். இருநூறு பேருடைய தாயத்தும் போய்விடும். போன வாரம் ராதாகிருஷ்ணன் தன் நம்பரை அழித்தார். டேக்கையும் கழற்றி வைத்துவிட்டார்.

"அதனாலதாண்ணே பெட்டி கத்தல," என்றேன். "அவரு இன்னும் ராத்திரியில பெட்டி பார்க்க அந்த ரோட்டுலதான் போறாரு. நம்ம லோரிக்கு இனிமே அவரு வர்றது தெரியாது."

"மோட்டார்ல போக வேணாம்னு சொல்லலாம்ல லா?" என்றான் ஹைதர்.

"குகன் கால்ல விழாத குறையா சொல்லிட்டான். 'வண்டியில கொண்டு போய் விடுறேன் மச்சான், வாங்க'ன்னு. அதுக்கு அவரு, 'நான் போகலன்னா அவ தனியா வருவா'ன்னாராம். அவ்வளவுதான். பேச்சை முடிச்சிட்டாரு."

இதைச் சொன்ன போது எனக்கும் அழுகை வரவில்லை. வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. கதை சொல்லிப் பயமுறுத்த நான் வாயைத் திறக்கவில்லை. கேட் திறந்ததும் இருபது லோரி அந்த வழியாகப் போகும். பெட்டியை நம்பாதீர்கள், சிம்பாங்கில் கண்ணால் பாருங்கள், அங்கே ஒரு மனிதர் இருக்கிறார் என்று சொல்லத்தான் சொன்னேன். தம்புசாமி அண்ணன் தலையாட்டினார். பிடுங்கிய வயரை நாளைக்கே மாட்டிவிடுவதாகவும் சொன்னார்.

ஹைதர் மட்டும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"என்னடா?" என்றேன்.

"நேத்து பார்த்தேன், அக்கா."

"யாரை?"

"பெட்டி கத்தல. வளைவுல திரும்புறேன், லைட்டுல ஒரு மோட்டார். ரோட்டோரமா, அந்தத் தூணுக்குக் கீழ. அடிச்சிருப்பேன். அல்லாதான் காப்பாத்துனான். பிரேக் போட்டு நிறுத்திட்டேன். ஒரு ஆள்தான் இருந்தாரு. ஒரு கால ஊனிக்கிட்டு, எஞ்சின் ஓடுது... ஆனா கெளம்பல. என்னைத் திரும்பிக்கூட பார்க்கல."

அவன் குரல் இறங்கியது.

"யாருக்கோ காத்திருக்குற மாதிரி இருந்தாரு. நான் லைட்டைத் தாழ்த்தினேன். அப்போ அவரு மோட்டாரோட பின் டயர் கொஞ்சம் அமுங்குச்சு, அக்கா... அதுக்கப்புறம்தான் கால எடுத்தாரு."